நன்றிப் பகுதியில் ஏழாவது வரி

“அடுத்த ஸ்தோத்திரம், ஏழாவது. நம்ம பாடற்குழுத் தலைவிக்கு ஆண்டவர் குரலைத் திரும்பக் கொடுத்திருக்கார்!”

போதகர் வாசித்து முடித்ததும் சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் கைதட்டல். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற கைதட்டல்.

பாடற்குழுத் தலைவி என் மனைவி. முன்னால் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனைத் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள்.

குரல் திரும்பவில்லை. காலையில்கூட, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று வெறும் காற்றாகத்தான் சொன்னாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள், குரல் வரவில்லை. ஒலிபெருக்கியே இல்லாமல் தெருமுனை வரைக்கும் கேட்ட குரல். இப்போது வாயருகே காதை வைத்தால்தான் என்ன சொல்கிறாள் என்று புரியும்.

வாராவாரம் அச்சாகும் ஆராதனைத் தாளில் வேண்டுதல் என்று ஒரு பகுதி, நன்றி என்று ஒரு பகுதி. நாலு வருஷமாக வேண்டுதல் பகுதியில் இருந்த அவளுடைய வரி இந்த வாரம் நன்றிப் பகுதியில் இருந்தது. சனிக்கிழமை அந்தத் தாளைக் கணினியில் அடித்து, நூற்றிருபது படி எடுத்து மடித்துவைப்பவன் நான்தான்.

எனக்கு முன்னால் இருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

போதகர் மைக்கை நீட்டி அவளைப் பாடக் கூப்பிட்டார். பாவம், சூதுவாது தெரியாத மனுஷர்.

அவள் எழுந்தாள். நிதானமாக நடந்து மேடையேறினாள். இப்போதாவது, இப்போதாவது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது.

கைதட்டிய கைகளெல்லாம் அப்படியே நின்றன. யாரோ “ஐயோ” என்றார்கள். தாளை அடித்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. நான் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவளை எல்லோர் முன்னாலும் அப்படி நிறுத்திவிட்டேனே.

அவள் இறங்கி ஓடவில்லை. மைக்கை உதட்டில் ஒட்டிவைத்துக்கொண்டாள்.

“குரல் வரலைங்க. கேட்டேன், அழுதேன், சண்டைகூடப் போட்டேன். வரல. சிலுவைக்கு முந்தின ராத்திரி அவரோட சொந்த மகன் வேர்த்து விறுவிறுத்து, இந்தப் பாடு வேண்டாம்னு கேட்டதையே அவர் கொடுக்கலையே! அந்த மகன் நின்ன வரிசையில என்னையும் நிக்க வச்சிருக்கார், எனக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்? அந்தக் கதை கல்லறையோட முடியல. என் கதையும் முடியல. தாள்ல தப்பு ஒண்ணுமில்ல, அந்த வரி நன்றியிலயே இருக்கட்டும்.”

இத்தனையும் கரகரவென்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு.

மைக்கைப் போதகரிடமே கொடுத்துவிட்டு பாடற்குழுவின் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினாள்.

அவளுக்குக் குரல் இருந்த காலத்தில் குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் அவளுடைய குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயசைத்தவர்கள். இன்றைக்கு முப்பத்தொரு பேர். மேசையில் தாளம் தட்டி, கையாலேயே ஏற்றி இறக்கி, நாலு வருஷமாகக் கழுத்து நரம்பு புடைக்க அவள் பழக்கிய முப்பத்தொரு பேர்.

கை இறங்கியது. பாட்டு எழும்பியது.

அம்மாடி, என்ன பாட்டு! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சபையே எழுந்து நின்றது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் அவர் பாட்டுக்கு ஒரு ராகத்தில் போய்க்கொண்டிருந்தார். அவளோ குதிகாலை உயர்த்தி, இரண்டு கையையும் விரித்து, ஊரையே தூக்கி நிறுத்துகிறவளாக நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நானும் பாடினேன். அவளுக்குக் கொடுக்காதவருக்கு நானும் கொடுக்கமாட்டேன் என்று நாலு வருஷமாக சபையில் வாயைத் திறக்காதவன், தொண்டை கிழியப் பாடினேன். இரண்டாவது சரணத்தில் அவள் திரும்பிப் பார்த்து, “மெதுவா” என்று எனக்கு ஒரு கை காட்டினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எலெக்ட்ரீஷியன் அண்ணன் என் முதுகைத் தட்டி, கை தவறுவது மனுஷனுக்கு சகஜம்தான் என்றார்.

கை தவறவில்லை. அந்த வரியை வேண்டுதலிலிருந்து எடுத்து நன்றியில் வைக்கும்போது நான் முழு நிதானத்தோடுதான் இருந்தேன். சபையே கைதட்டி அவள் மைக் முன்னால் நின்றுவிட்டால், தம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவாவது ஆண்டவர் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? அவரை மடக்குவதற்கு நான் கொண்டுபோய் நிறுத்தியது என் மனைவியை.

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள், பேசாமல் இருந்துவிடுவாள் என்றெல்லாம் நினைத்தேன். அவள் என் காதுக்கருகே வந்தாள்.

“தாளைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. நீங்க அவர்கிட்ட இழுத்த சண்டைக்கு யாராவது எழுந்து பதில் சொல்லணுமில்ல?”