இடமில்லாத கணினி

பனியன் கம்பெனிக் கணினியில் சென்ற மாதம் ஒருநாள், டிஸ்கில் இடமில்லையென்று ஆன்டிவைரஸ் அப்டேட் நின்றுபோனது. அன்று முதல், அதில் வேலை செய்யும் அனிதா பழைய கோப்புகளை எவ்வளவு அழித்தாலும் மறுநாளே இடம் நிறைந்துவிடும்.

"சினிமாவா இறக்கி வெச்சிருப்பீங்க. இன்னைக்கும் அப்டேட் ஆகலீன்னா வேற கம்பெனி பாத்துக்குங்க கண்ணு," என்றார் முதலாளி தங்கவேலு.

"சத்தியமா இல்லீங்ண்ணா."

கெட்டது அண்டாதிருக்க, அப்டேட் நின்ற அன்றே அவர் எதிர்ச்சுவரில் மாட்டிய முருகன் படத்துக்கு, நாள்தோறும் செய்வதுபோல் செவ்வந்தி சூட்டினாள் அனிதா. "வேலவா, கொஞ்சம் இடம் கொடு" என்று கைகூப்பிவிட்டு, கணினி பழுதுபார்க்கும் சகாயராஜை வரவழைத்தாள்.

அவன் தேடிப் பார்த்துச் சிரித்தான். "யக்கா, டிஸ்க் பூராவும் கேமரா வீடியோல்லா கெடக்கு. தெனமும் தானா வந்து சேருது."

"இந்த ரூம்ல கேமராவே இல்லீங்களே?"

தங்கவேலு மெல்ல இருமினார். "சினிமா ஏத்தறது ஆருன்னு பாக்க நாந்தான் வெச்சேன். அந்த முருகன் படத்தோட சட்டத்துல. எல்லாத்தையும் அழிச்சுருங்க தம்பி. கண்ணு, நீங்க எங்கயும் போக வேண்டாம்."

அழிக்குமுன் சகாயராஜ் ஒன்றைத் திறந்தான், பிறகு இன்னொன்றை. ஒரு மாத வீடியோ அனைத்திலும் திரை நிறையத் தெரிந்தது, அனிதா சூட்டிய செவ்வந்திப்பூ மட்டுமே.