முதல் ஆர்டர்

பேப்பர் இரவல் வாங்கப் போன நான் எதிர் ஃபிளாட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறேன். உள்ளேயிருந்து வரும் மிளகாய் நெடிக்குக் குதுப்மினாரே தும்மும். ஜகந்நாதனின் சித்தி குடும்பம் ஊரிலிருந்து வந்து ஆக்ராவுக்குக் கிளம்புகிறது. பாதித் தஞ்சாவூர் ஜில்லா இந்தக் கிட்வாய் நகர் இரண்டு அறைக்குள் இருக்கிறது என்று சத்தியமே செய்வேன். ஜன்னல் வெயிலில், மேஜைமேல் புளிக்காய்ச்சல் பாட்டில்கள் கருஞ்சிவப்பாய் மின்னுகின்றன. ஜகந்நாதன் மனைவி வத்சலாவுக்கு வந்த முதல் ஆர்டர். எல்லோரும் தூங்கும்போது எழுந்து கிளறி, காபிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே ஆறவைத்து, இப்போதுதான் லேபிள் ஒட்டுகிறாள். மத்தியானம் வாங்க வருகிறார்கள். கீழே டிரைவர் “ஜல்தி, ஜல்தி” என்று கத்துகிறான். ஜகந்நாதன் தர்மப்பிரபு, கேட்டால் இந்தியா கேட்டையே பார்சல் கட்டிக் கொடுப்பான். ஒரு பாட்டிலைத் திருகி, ஆவி பறக்கும் சாதத்தில் கவிழ்க்கிறான். “சித்தி, வழிக்குப் புளியோதரை ரெடி!” “ஐயோ, ஏன்னா, அது ஆர்டருக்கு வச்சது” என்கிறாள் வத்சலா. “ஆத்துல சும்மாதானே இருக்கே, மறுபடி கிளறிடேன்.” அடுத்த மூடி, அதற்கடுத்த மூடி. சித்தி விரலை நக்கிக்கொண்டு, “பேஷ்! இதை நீ விக்கலாமேடி!” என்கிறாள். எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்து அங்கேயே புளித்துப்போகிறது. வத்சலாவின் விரல் நுனியில் உரித்த லேபிள் ஒன்று ஆடுகிறது. ஒட்டுவதற்கு நிறைந்த பாட்டில் ஒன்றுகூட இல்லை. அதைப் புறங்கையிலேயே ஒட்டிக்கொண்டு, சித்திக்கு இன்னொரு காபி கலக்கப் போகிறாள்.