வந்தது வந்தபடி

“இன்னொரு தடவை பார்த்துடுங்க சார். எங்கேயோ தப்பு இருக்கு.”

“ரெண்டு தடவை பார்த்தாச்சு மேடம். கருவி மேல தப்பு இல்ல” என்றார் சோதனைக்கூடத்துக்காரர், கையுறையைக் கழற்றாமலே.

அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய வேலை. யார் வந்து குழைந்தாலும் ஒரு புள்ளிகூட மாற்றி எழுதமாட்டார். அதனால் அவருக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். பன்னாட்டுக் கடல் ஆய்வுக் குழுவிலிருந்து சான்றிதழ் வாங்கிப்போக வந்திருந்த விஞ்ஞானி அம்மா, காலையிலிருந்து அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் கிடந்த வெப்பமானி முழங்கை நீளம் இருக்கும். நாலு கிலோமீட்டர் ஆழத்தில், கடலின் அடிமட்டத்தில், ஒரு வருடம் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. அடிநீர் முன்பைவிடச் சூடாகிவிட்டது என்கிறது. எவ்வளவு? ஒரு டிகிரியை நூறாக வெட்டினால் அதில் ஐந்து துண்டு. காய்ச்சல் பார்க்கிற டாக்டர் இதைச் சீந்தக்கூட மாட்டார். ஆனால் ஒரு பெருங்கடல் முழுக்க ஐந்து துண்டு என்றால் விளையாட்டில்லை.

“சேறு ஒட்டியிருந்தா அளவு மாறும் இல்லையா?”

“அதுக்குத்தானே வந்ததும் கழுவமாட்டோம்? வந்தது வந்தபடி ஒரு தடவை சோதிப்போம். அப்புறம் கழுவிட்டு இன்னொரு தடவை. ரெண்டுலயும் ஒரே அளவுதான்.”

“பேட்டரி?”

“புதுசு போட்டும் பார்த்தேன்.”

“உங்க தொட்டியில ஏதாவது...”

தராசுக்குச் சுருக்கென்றது. கருவிகளை இறக்கிச் சோதிக்கிற அந்தத் தண்ணீர்த் தொட்டியைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி.

“மேடம், மூணு நாடு சேர்ந்து மூணு கருவியை இறக்குனீங்க. மத்த ரெண்டையும் அந்தந்த நாட்டுல சோதிச்சு, சரின்னு சொல்லிட்டாங்க. மூணும் சரின்னாதான் அறிவிக்கணும்னு உங்க குழுதானே விதி போட்டுச்சு? இப்ப இது மட்டும் பொய் சொல்லணுமா?”

“இது ஒண்ணாவது சொல்லாதான்னுதான் சார் பார்க்கறேன்.”

தராசு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டுரை வந்துச்சே, பேப்பர்லகூட கேலி பண்ணாங்களே, அந்தச் சண்டையா இது? துருவத்துல குளிர்ந்த தண்ணி கீழ இறங்கறது குறைஞ்சுக்கிட்டே வரும், அடிக்கடல் சூடாகும், அப்புறம் மழையே தடம் மாறி பாதி ஊர் காயும், மீதி ஊர் மூழ்கும்னு...”

“அதேதான்.”

“மாநாட்டுல அந்தக் கட்டுரையைக் கிழிகிழின்னு கிழிச்சாங்களாமே. நீங்களும் அங்க இருந்தீங்களா?”

“இருந்தேன். மண்டபமே சிரிச்சுது.”

“ஆக, இது சரின்னு வந்தா இப்ப உங்க எல்லார் முகத்துலயும் கரி. அதானே பயம்?”

விஞ்ஞானி அம்மா மேஜைமேல் கிடந்த கருவியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“கடைசியா ஒரே ஒரு தடவை சார். அப்புறம் கேட்கமாட்டேன்.”

தராசு பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார். கருவியைத் தொட்டியில் இறக்கினார். தண்ணீரின் சூடு ஒரே நிலைக்கு வர நாற்பது நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் அந்த அம்மா உட்காரவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டை எடுக்கப் பக்கத்தில் போன தராசின் காதில் அது விழுந்தது.

“தப்பாயிரு... தப்பாயிரு...”

இவ்வளவு படித்தவர்களுக்குள்ளும் இத்தனை வன்மமா என்று அவருக்குக் கசந்துபோயிற்று.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொட்டியோடு இருக்கும் மூலக்கருவி ஓர் எண்ணைக் காட்டியது. கடலிலிருந்து வந்த கருவியும் அதே எண்ணைக் காட்டியது. கடைசி இலக்கம்வரை வித்தியாசமில்லை.

விஞ்ஞானி அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தராசு சான்றிதழை நிரப்பினார். ‘கருவி சரி’ என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். பேசாமல் இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

“அழுது என்ன மேடம் பிரயோஜனம்? எழுதின மனுஷர் பதினோரு வருஷமா அவமானத்தைச் சுமந்துக்கிட்டு இருந்திருப்பார். முதல்ல அவருக்கு ஒரு போன் போட்டு, ‘நீங்க சொன்னது பலிச்சிடுச்சு’ன்னு சொல்லுங்க. எவ்வளவு சந்தோஷப்படுவார்!”

அந்த அம்மா சான்றிதழை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“சந்தோஷமா இல்ல சார்” என்றார். “நான் எழுதினது பொய்யாப் போயிடணும்னுதான் பதினோரு வருஷமா வேண்டிக்கிட்டிருந்தேன்.”