அழுவதற்கு அனுமதி

கண்ணீர் கன்னத்தைத் தொடுமுன்னே அதன் அமினோ அமில வரிசையை ஒப்பித்துவிடும் கருவியோடு, மரகதவல்லியின் மகள் கல்யாணத்துக்கே வந்து நின்றார் நிறுவன அதிகாரி சுதர்சன்.

"உங்க கண்ணீர்ல இருக்கிற பெப்டைடுங்கிற புரதத் துணுக்குக்கு எங்க கம்பெனி காப்புரிமை வாங்கிடுச்சும்மா. அனுமதி இல்லாம இனி அழக்கூடாது."

"பொண்ணை அனுப்புற அன்னைக்கு அழாம, உங்க கம்பெனியை நினைச்சுச் சிரிக்கவா? ஐயரே, அந்தப் பச்சைச் சுள்ளியை அள்ளிப் போடுங்க!"

ஓமப்புகை கிளம்பியது. மண்டபமே அழுதது, வாசல் வாழைமரம்கூடச் சொட்டியது. கருவி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கூவிக் கூவி, கடைசியில் தன்னைப் பிடித்திருந்த சுதர்சனின் முகத்தைப் பார்த்து ஊரே அதிரக் கூவியது.

"உங்க அனுமதிச்சீட்டு எங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள் மரகதவல்லி.