மாடு மிரண்டது

பெண் பார்க்க வந்திருந்த கோவிந்தராசு மாட்டு டாக்டர் என்பதை மாதப்பன் நம்பவே இல்லை.

"மாட்டுக்கு ஊசி போட மெட்ராஸ்ல அஞ்சு வருசம் படிச்சானாம். யாருக்குடி காது குத்தறானுங்க? கம்பவுண்டரா இருப்பான்" என்று அடுப்படியில் மனைவி காவேரியிடம் கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசுங்க, காதுல வுழுந்துடப் போவுது."

மாதப்பன் விடவில்லை. "எங்க வூட்டு சீமைப் பசுவைக் கொஞ்சம் பாருங்க" என்று மாப்பிள்ளையை மட்டும் கொல்லைக்கு அழைத்துப் போனார். மாட்டில் கை வைக்கும்போது சாயம் வெளுத்துவிடுமே!

கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையைக் கண்டதும் மாடு மிரண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டியது.

மாட்டோடு பழகியவனைப் பார்த்தால் மாடு இப்படியா நடுங்கும்? மாதப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

"புது ஆளைக் கண்டா மாடு மிரளும்தான். டாக்டரைக் கண்டுமா மிரளுது?" என்று இழுத்தார்.

"இதுக்கு நான் புது ஆளு இல்லீங்க." கோவிந்தராசு வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் பாலக்கோட்டுல, ஆண்டிங்கறவரு வூட்டுல இதுக்குக் காய்ச்சல். நான்தான் தெனமும் போய் ஊசி போட்டேன். அதான் என்னைக் கண்டா பயப்படுது."

மாதப்பனும் அவசரமாக வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் மெச்ச வேண்டுமென்று அந்தப் பசுவை மச்சான் ஆண்டியிடம் இரவல் வாங்கி, காலையில்தான் கொண்டுவந்து கட்டியிருந்தார்.

"இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்குது. நாளைக்கு மறக்காம அங்கயே கொண்டுபோய்க் கட்டிடுங்க, மாமா" என்றான் கோவிந்தராசு.