ஊதாச் சுடர்

பல்லாவரம் கிளினிக்கின் பின்னறையில், தடித்த பேனா போலிருக்கும் பிளாஸ்மா கருவியை நர்ஸ் அமலராணி கையில் எடுக்கிறாள். அதன் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு சுடர் மெல்லச் சீறுகிறது. அது சுடாது, புண்ணிலிருக்கும் கிருமியை மட்டும் கொல்லும். மீன் விற்கும் பாப்பாவின் இடது பெருவிரலடியில் சர்க்கரைப் புண் எட்டணா அகலத்துக்குத் திறந்திருக்கிறது. இந்த மாதத்துக்குள் மூடாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சுடர் புண்ணின் விளிம்பைச் சுற்றி நகர்கிறது. மீன் வாடைக்கு மேல் சுடரிலிருந்து இடி விழுந்த இடத்து வாடை எழுகிறது. “சுடுதா அக்கா?” அமலராணி வழக்கமாகக் கேட்பதுதான். “ஒண்ணுமே தெர்ல சிஸ்டர். நல்லா ஆறிக்கினு வருது போல.” பாப்பாவின் முகம் தெளிந்திருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன அந்தப் பாதத்தை நெருப்பில் வைத்தாலும் இதையேதான் சொல்வாள் என்று அமலராணிக்குத் தெரியும். அவள் தலையை நிமிர்த்துவதில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாப்பா குனிந்து, செதில் கீறிய ஆள்காட்டி விரலைச் சுடருக்குள் நீட்டுகிறாள்; வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். “எறும்பு ஊர்ற மாதிரி கீது சிஸ்டர்.” சிரித்தபடி மறுபடியும் நீட்டுகிறாள். மறுபடியும் ஊர்கிறது. சுடர் புண்ணுக்குத் திரும்புகிறது. பாப்பா தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. “கால்ல மட்டும் ஏன் சிஸ்டர் ஊரல?”