நன்மைக்கு எழும்பாதவள்

மூன்றாவது ஞாயிறும் ஜெசிந்தா எழும்பவில்லை.

பூசையில் சுவாமி தரும் அப்பத்தை வாங்கி நன்மை எடுக்க வரிசை வரிசையாக எல்லாரும் பீடத்தடிக்குப் போனார்கள். அவள் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்த வாங்கிலேயே இருந்தாள். பக்கத்து வீட்டு எமில்டா போகும்போது ஒருதரம் பார்த்தாள், நாக்கில் அப்பத்தோடு திரும்பி வரும்போது இன்னொருதரம் பார்த்தாள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் நன்மை எடுக்காவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாத பாவம் ஏதோ இருக்கிறது. அதுவும் புருசன் பெனடிக் குவைத்தில். பிறகென்ன, கதைக்கு வேறு சாமான் வேண்டுமா?

உண்மையில் இருந்தது உடம்பு வருத்தம். வருசக்கணக்காக வயிற்றோட்டம், ஓடாய்த் தேய்ந்த உடம்பு. கொள்ளுப்பிட்டியில், லண்டனில் படித்துவிட்டு வந்த டொக்டர் ஒருவர்தான் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"சீலியாக் எண்டு பேர். கோதுமை உங்கட குடலுக்கு ஆகாது. பாண், ரொட்டி, பிஸ்கட் ஒண்டும் தொடக்கூடாது. ஒரு துணுக்கும் கூடாது. இதுக்கு மருந்து இல்லை, சாப்பாடுதான் மருந்து."

சொல்வது லேசு. குண்டு வெடித்து ஊரடங்கு போட்டால் கொழும்பே பாணும் பருப்புமாகத்தான் கிடக்கும். ஜெசிந்தா பசியோடு குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். எதைத் தொட்டாலும் சந்தேகம். புட்டு மாவில் கோதுமை கலந்திருக்குமோ, இடியப்ப உரலில் பழைய மா ஒட்டியிருக்குமோ. அரிசிமா வாங்கி வந்தால் செக்பொயின்றில் ஆமிக்காரன் பையைப் பிரித்து விரலால் கிண்டி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்கிறான்.

"மே மொனவாத?"

"ஹால் பிட்டி, மஹத்தயா."

அரிசிமாதான் என்று அவன் நம்புவதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும்.

எல்லாவற்றையும் சமாளித்தாள். நன்மையைத்தான் சமாளிக்க முடியவில்லை. அந்த அப்பமும் கோதுமைதானே. சுவாமியிடம் போய்ச் சொன்னாள்.

"திராட்சை இரசத்தை மட்டும் தரலாம் பிள்ளை. அதுக்கு ஆயர் அனுமதி தர வேணும். எழுதிப் போடுறன், கொஞ்சம் பொறு."

அவள் பொறுப்பாள். ஊர் பொறுக்க வேண்டுமே. மனம் கேட்காமல் எமில்டாவிடம் விசயத்தைச் சொன்னாள். அதுதான் பெரிய பிழையாய்ப் போயிற்று.

"ஆண்டவரின்ர சரீரம் உனக்கு ஒத்துக்கொள்ளேல்லையோ?" எமில்டா நெஞ்சில் சிலுவை போட்டாள். "பேய் பிடிச்சவைக்குத்தான் பிள்ளை அப்பிடி."

எமில்டாவின் தம்பி குவைத்தில் பெனடிக்கோடு ஒரே அறையில் இருப்பவன். பெனடிக்குக்கு மனைவிக்கு வருத்தம் என்று தெரியும், நன்மை விசயம் தெரியாது. இங்கே முளைக்கிற கதை அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம்? அதை நினைத்தால் ஜெசிந்தாவுக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஒரே ஆறுதல் மாமியார். மாக்ரெட் மாமி அதிர்ந்து கதைக்காத மனுசி. டொக்டர் சொன்ன அன்றைக்கே மருமகளுக்கென்று புதுச் சட்டியும் புது உரலும் வாங்கி வைத்தவள்.

அந்த மாமிதான் புதன்கிழமை தண்ணிப் பைப்படியில், ஒழுங்கைச் சனமே கூடி நிற்கையில், பிடித்தாள் ஒரு பிடி.

"தனிச் சட்டியாம், தனி உலையாம். நாங்கள் சமைக்கிறது மகாராணிக்கு ஆகாதாம். மகன்ர உழைப்பில பவுசைப் பாருங்கோ. இனி இவளோட எனக்குக் கதை பேச்சில்லை."

ஜெசிந்தா குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். மாமியும் அந்தக் கதையை நம்பிவிட்டாளா? கேட்கப் போனால் மாமி முகம் கொடுக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஜெபமாலையோடு போய்ப் படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வாங்கின் இரண்டு தொங்கலிலும் தள்ளித் தள்ளி இருந்தார்கள். நன்மை நேரம் வந்தது. எல்லாரும் எழும்பினார்கள். மாக்ரெட் மாமி எழும்பவில்லை. கலியாணம் கட்டிய நாள் தொட்டு ஒரு ஞாயிறும் நன்மை தவறாதவள். கோயிலே திரும்பிப் பார்த்தது.

பூசை முடிந்ததும் எமில்டா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"மாக்ரெட் அக்கா, நீங்களுமா?"

"மனசில கோவத்தை வச்சுக்கொண்டு என்னண்டு எடுக்கிறது?" என்றாள் மாமி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "அவளும் அதாலதான் எடுக்கிறேல்லை. வீட்டுக்குள்ள கன நாளாச் சண்டை. வெளியில சொல்ல வெக்கப்பட்டு, வருத்தம் அது இதெண்டு சொல்லிக்கொண்டு திரியிறாள்."

எமில்டாவின் முகம் தொங்கிப் போய்விட்டது.

"சீ, மாமி மருமகள் பிடுங்குப்பாடு தானோ? நான் என்னவோ எண்டு நினைச்சன்." போகிற போக்கில் ஜெசிந்தாவின் தோளையும் தட்டிவிட்டுப் போனாள். "மாமியைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போ பிள்ளை."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஜெசிந்தா உடைந்துபோனாள்.

"நான் உங்களுக்கு என்ன மாமி செய்தனான்?"

மாமி முக்காட்டை எடுத்து மடித்தாள். குரல் பழைய குரல்.

"நீ ஒண்டும் செய்யேல்லை பிள்ளை. முன்னுக்கே சொல்லியிருப்பன், உனக்கு நடிக்க வராது. மாமி மருமகள் சண்டை எண்டு எமில்டா குவைத்துக்குச் சொல்லட்டும், பெனடிக் சிரிச்சுப்போட்டு விட்டிடுவான். மற்றக் கதை போனால் சிரிப்பானோ?"

ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்காக நீங்களும் நன்மை இல்லாமல்..."

"அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள விசயம். ஆயர் அனுமதி தருமட்டும் நாங்கள் ரெண்டு பேரும் கோவம். நீ எழும்புற அண்டைக்குத்தான் நானும் எழும்புவன்."